கழுவியதும் நீலமாகிய பொலிஅனிலின் படலம்: ஏன் கடத்தவில்லை, எப்படி அளப்பது?

முல்லைத்தீவுப் பக்கத்தில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கும் ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். அனிலினை அமோனியம் பேர்சல்பேற்றால் ஒட்சியேற்றி, அந்தக் கரைசலுக்குள் நுணுக்குக்காட்டிக் கண்ணாடித் தகடுகளை நிற்பாட்டி, மின்கடத்தும் பல்பகுதியமான பொலிஅனிலினின் பச்சைநிறப் படலம் எடுத்திருக்கிறார். ஒரு தகட்டைக் கிணற்றுத் தண்ணீரில் நன்றாகக் கழுவினார். அது நீலமாகிவிட்டது, மல்ரிமீற்றர் 'ஓ.எல்.' (மானியின் வீச்சுக்கு மேல்) என்று காட்டிக்கொண்டு நிற்கிறது. மற்றதைக் கழுவாமல் காயவிட்டார். அது பச்சையாகவே இருக்கிறது, ஆனால் காலையில் காட்டும் தடை மத்தியானம் இரண்டு மடங்காகிறது. பல்பகுதியம் மின்கடத்தும் என்பது புத்தகத்தில் மட்டும்தானா, வன்னியில் இருந்துகொண்டு இந்தத் துறையில் உருப்படியாக ஏதும் செய்யலாமா என்று முடித்திருக்கிறார். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: நீலம் ஏன் வந்தது, தடை ஏன் ஒரு இடத்தில் நிற்கவில்லை, கையிலுள்ள வசதியோடு நம்பத்தக்க ஒரு பெறுமானம் எடுக்க முடியுமா.

முதற் கேள்விக்குச் சந்தேகமில்லாத பதில் உண்டு. உங்கள் படலம் பழுதாகவில்லை. கிணற்றுத் தண்ணீர் அதிலிருந்த அமிலத்தைக் கழற்றிவிட்டது. பொலிஅனிலினின் கடத்தும் வடிவம் பச்சை. அது ஓர் உப்பு. சங்கிலியிலுள்ள இமைன் (இரட்டைப் பிணைப்புள்ள) நைதரசன்களில் அமிலத்தின் புரோத்தன்கள் ஏறியிருக்கும், பக்கத்தில் குளோரைட்டு அயன் இருக்கும். சிலிக்கனைக் கூடுதலாகக் கடத்தச் செய்யும் மாசூட்டல் என்றால் வேறொரு மூலகத்தைச் சேர்ப்பது. இங்கே அமிலமே அந்த வேலையைச் செய்கிறது, ஒட்சியேற்ற நிலை மாறுவதுமில்லை. புரோத்தன் கழன்றால் மிஞ்சுவது நீலநிற மூலம், அதாவது அமிலம் நீங்கிய கார வடிவம். உப்பின் கடத்துதிறன் சென்ரிமீற்றருக்குச் சில சீமன்ஸ் (ஓமின் தலைகீழ் அலகு). மூலத்தினது அதைவிடச் சுமார் 30 கோடி மடங்கு குறைவு. பி.எச். பெறுமானம் 4 இற்கு மேலே போகப்போக இந்தக் கழற்சி தொடங்கி, நடுநிலைக்குக் கிட்ட வரும்போது ஏறக்குறைய முடிந்துவிடும். வன்னிக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் வன்னீர். அதிலுள்ள இருகாபனேற்று அமிலத்தை விழுங்கும். ஒரு குவளை தண்ணீருக்குள் மெல்லிய படலம் ஒன்றை ஆட்டியெடுத்தால் போதும், கண்ணெதிரே நீலமாகும். காய்ச்சி வடித்த தண்ணீரும் நீண்ட நேரம் வைத்தால் இதையே செய்யும், மெதுவாக.

சோதிப்பது மிக எளிது. நீலத் தகட்டை 0.2 மோலர் ஐதரோகுளோரிக் அமிலத்துக்குள் ஐந்து நிமிடம் விடுங்கள். 37 வீத செறிந்த அமிலம் சுமார் 12 மோலர், எனவே 8.3 மில்லிலீற்றரை 500 மில்லிலீற்றர் ஆக்கினால் 0.2 மோலர் வரும். அமிலத்தைத் தண்ணீருக்குள் ஊற்றவேண்டுமே தவிர மறுவளமாக அல்ல. பச்சை திரும்பும், தடையும் கிலோஓம் கணக்குக்குள் திரும்பும். பிறகு 1 வீத அமோனியாக் கரைசலுக்குள் விட்டால் மறுபடி நீலம். இப்படிப் பலமுறை போய்வரலாம். வகுப்பில் காட்டுவதற்கு இதைவிடத் துலக்கமான பரிசோதனை கிடைப்பது கடினம்: நிறமும் தடையும் ஒன்றாக மாறுவதை மாணவர் தம் கையாலேயே அளக்கலாம். வினாகிரியிலும் தேசிக்காய்ப்புளியிலும்கூடப் பச்சை வரும். நிறம் வந்ததற்காகக் கடத்துதிறன் முழுதாக வந்துவிட்டது என்று எடுக்கவேண்டாம். மென்னமிலங்கள் எல்லா நைதரசன்களையும் நிரப்பமாட்டா.

அடுத்த முறை படலம் எடுக்கும்போது அளவுகளை நியமச் செய்முறைப்படி வைத்துக்கொள்ளுங்கள். 2002 இல் தூய, பிரயோக இரசாயனவியல் சர்வதேச ஒன்றியத்தின் அறிக்கையாக ஒரு வேலை வெளிவந்தது. ஐந்து நிறுவனங்களைச் சேர்ந்த எட்டுப் பேர் தனித்தனியே ஒரே செய்முறையைச் செய்துபார்த்தார்கள். 59 மாதிரிகளின் சராசரிக் கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு 4.4 சீமன்ஸ், விலகல் கூட்டல் கழித்தல் 1.7. நன்கு பழகிய கைகளுக்கே இவ்வளவு விலகல் வருகிறது என்பதை மனத்தில் வையுங்கள். உங்கள் பெறுமானம் 3 என்றோ 6 என்றோ வந்தால் அதில் பிழையில்லை. செய்முறை இது: 2.59 கிராம் அனிலின் ஐதரோகுளோரைட்டைத் தண்ணீரில் கரைத்து 50 மில்லிலீற்றர் ஆக்குங்கள். வேறொரு முகவையில் 5.71 கிராம் அமோனியம் பேர்சல்பேற்றைக் கரைத்து 50 மில்லிலீற்றர் ஆக்குங்கள். இரண்டையும் ஒரு மணிநேரம் வைத்துவிட்டு ஒன்றாக ஊற்றி, ஒருமுறை கலக்கி, அப்படியே விடுங்கள். கலவையில் அனிலின் 0.2 மோலர், ஒட்சியேற்றி 0.25 மோலர். திரவ அனிலின்தான் இருக்கிறதென்றால் 1.82 மில்லிலீற்றர் அனிலினுக்கு 1.7 மில்லிலீற்றர் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் அதே அளவு உப்பு வரும். போத்தலில் கபிலமாகிப்போன அனிலின் ஏற்கெனவே ஒட்சியேறியது, வடித்தெடுக்காமல் பாவிக்கவேண்டாம்.

கண்ணாடித் தகடுகளைக் கலக்கிய உடனேயே நிலைக்குத்தாக நிற்பாட்டுங்கள். படுக்கவைத்தால் அடியில் படியும் தூள் படலத்தின்மேல் ஒட்டி, தொட்டால் உதிரும் கரடுமுரடான பூச்சாகிவிடும். அதற்கு முன் தகடு நன்றாகச் சுத்தமாக இருக்கவேண்டும்: சவர்க்காரத் தண்ணீர், சாதாரணத் தண்ணீர், காய்ச்சி வடித்த தண்ணீர், கடைசியில் ஐசோபுரொப்பைல் அற்ககோல். தண்ணீர் தகட்டில் துளிதுளியாக உருளாமல் ஒரே விரிப்பாகப் பரவினால் சுத்தம். விரல் பட்ட இடத்தில் படலம் பிடிக்காது. கரைசல் சில நிமிடம் நிறமின்றி இருந்து, மெல்லிய நீலமாகி, கடும் நீலமாகி, பிறகு செப்பு மினுக்கத்தோடு பச்சையாகும். உள்ளே ஒரு வெப்பமானி விட்டிருந்தால் வெப்பநிலை ஏறி உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்குவது தெரியும். தாக்கம் முடிந்ததற்கு அதுவே அடையாளம். அப்போது தகட்டை எடுங்கள். இரவு முழுக்க உள்ளே விட்டால் பயனில்லை, தூள்தான் ஒட்டும். நியமச் செய்முறை அறை வெப்பநிலைக்குரியது, ஆனால் அது குளிர்நாட்டு ஆய்வுகூடத்தின் அறை. கிளிநொச்சியிலோ ஒட்டுசுட்டானிலோ சித்திரை வைகாசியில் கரைசல் 32 பாகையில் தொடங்கும், தாக்கம் விறுவிறென்று ஓடும், படலம் மெல்லிதாக வரும். இரு முகவைகளையும் ஐஸ்தண்ணீரில் வைத்து 20 பாகைக்குக் கொண்டுவந்து கலக்குங்கள். வெவ்வேறு நாட்களில் எடுத்த படலங்களை ஒப்பிட அதுவே வழி.

எடுத்த தகட்டை 0.2 மோலர் ஐதரோகுளோரிக் அமிலத்தில் இரண்டு மூன்று முறை தோய்த்து, காற்றில் உலரவிடுங்கள். தண்ணீர் வேண்டாம். தகட்டின் இரண்டு பக்கமும் படலம் பிடித்திருக்கும். ஒரு பக்கத்தைப் பஞ்சால் முற்றாகத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஓரங்களைச் சுற்றிப் போகும் மின்னோட்டம் கணக்கைக் குழப்பும். பேர்சல்பேற்று வாங்கும்போது அதன் வயதைப் பாருங்கள். வெக்கையான களஞ்சியத்தில் ஈரம் குடித்துக் கட்டிபட்டது பாதி சிதைந்திருக்கும்; அதை நிறுத்து எடுத்தாலும் ஒட்சியேற்றி குறைவாகத்தான் போகும், விளைவும் குறையும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன்: இந்தத் தாக்கத்தை மாணவர் செய்யக்கூடாது. அனிலின் தோலூடாக உடம்புக்குள் போகும். குருதியின் ஒட்சிசன் காவும் திறனைக் கெடுக்கும். பேர்சல்பேற்றுத் தூசு தோலிலும் மூச்சுக்குழாயிலும் ஒவ்வாமையை உண்டாக்கும். பக்கவிளைவாக மிகச் சிறிதளவு பென்சிடீன் உருவாகக்கூடும். அது புற்றுநோய்க் காரணி. ஆசிரியர் நைத்திரைல் கையுறையும் கண்ணாடியும் போட்டு, புகை உறிஞ்சும் கூட்டுக்குள் செய்து, கழுவி உலர்ந்த தகடுகளை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவரவேண்டும். அப்படிக் கூடு இல்லாத பாடசாலையில் செய்யவே வேண்டாம். தகட்டை ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் செய்வித்து எடுக்கலாம். அளவைக் கூட்டவும் வேண்டாம். தாக்கம் வெப்பத்தை வெளிவிடுவது. அனிலின் 1 மோலருக்கு மேலே போய், கனவளவும் அரை லீற்றரைத் தாண்டினால் கொதித்து வெடிக்கும் ஆபத்து இருக்கிறது. மிஞ்சிய கரைசலையும் கழுவிய அமிலத்தையும் ஒரு பிளாஸ்ரிக் கானில், மூடியைச் சற்றுத் தளர்வாக வைத்துச் சேர்த்து, இரசாயனக் கழிவாக ஒப்படையுங்கள். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றக்கூடாது.

இனி இரண்டாவது தகடு. இங்கேதான் நிச்சயமானதையும் ஊகத்தையும் பிரிக்கவேண்டியிருக்கிறது. கழுவாத தகட்டில் படலத்தோடு அமோனியம் சல்பேற்றும் மிச்ச அமிலமும் காய்ந்திருக்கின்றன, இது நிச்சயம். அவை காலைநேர ஈரத்தை உறிஞ்சி, அயன்கள் வழியாகவும் மின்னோட்டத்தைக் கொண்டுபோகும். அத்தோடு பொலிஅனிலின் உப்பே ஈரப்பதனை உணரும் பொருள்: சங்கிலிகளுக்கிடையில் தண்ணீர் இருந்தால் கடத்துதிறன் கூடும், உலர்ந்தால் குறையும். மத்தியானம் தடை கூடியதற்கு இரண்டும் காரணமாக இருக்கலாம். எதன் பங்கு எவ்வளவு என்பதை உங்கள் இரண்டு வாசிப்பிலிருந்து யாராலும் சொல்ல முடியாது, பரிசோதித்துத்தான் பிரிக்கலாம். மானியை இணைத்து 10 செக்கனில் ஒரு வாசிப்பு, 5 நிமிடத்தில் இன்னொரு வாசிப்பு எடுங்கள். தடை தொடர்ந்து ஏறி, முனைகளை மாற்றியதும் பழைய இடத்துக்கு இறங்கி மறுபடி ஏறினால் அயன்களின் பங்கு பெரிது. அசையாமல் நின்றால் பெரும்பாலும் இலத்திரன் கடத்தல்தான். பிறகு அமிலத்தில் தோய்த்து உப்பை அகற்றிவிட்டு அதையே திரும்பச் செய்யுங்கள்.

காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்த விலையுயர்ந்த பெட்டி தேவையில்லை. மூடி இறுகிய கண்ணாடிப் போத்தலின் அடியில் நிரம்பிய உப்புக்கரைசல் இருந்தால் மேலேயுள்ள காற்றின் ஈரப்பதன் ஒரு பெறுமானத்தில் நிற்கும்: 25 பாகையில் மகனீசியம் குளோரைட்டு 33 வீதம், சோடியம் குளோரைட்டு 75 வீதம், பொற்றாசியம் சல்பேற்று 97 வீதம். சிலிக்கா ஜெல் போட்டால் உலர்ந்த காற்று. கரையாத உப்பு எப்போதும் அடியில் தெரியவேண்டும். ஆனையிறவு உப்பளத்துக் கல்லுப்பைச் சுத்திகரிக்காமல் போட்டால் 75 வராது. கடலுப்போடு வரும் மகனீசியம் குளோரைட்டு ஈரப்பதனைக் கீழே இழுத்துவிடும். மாரியில் கல்லுப்பு கசிவதற்கும் அதுவே காரணம். ஆய்வுகூட உப்போ மறுபளிங்காக்கிய உப்போ பாவியுங்கள். ஒவ்வொரு போத்தலிலும் தகட்டை ஓர் இரவு விட்டு, கம்பிகளை மூடியால் வெளியே எடுத்து, திறக்காமலே அளவுங்கள். உங்கள் ஆய்வுகூடத்தில் மார்கழி மழைநாளில் எடுத்த வாசிப்பையும் ஆடி மாதம் சோளகக்காற்று வீசும்போது எடுத்த வாசிப்பையும் நேரே ஒப்பிடக்கூடாது. ஒவ்வொரு வாசிப்போடும் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் எழுதாத அட்டவணை பிறகு எதற்கும் உதவாது.

மூன்றாவது கேள்வி அளவீடு. மல்ரிமீற்றரின் இரண்டு ஊசிகளைப் படலத்தில் குத்திப் பார்க்கும் தடை பெரும்பாலும் ஊசிமுனைக்கும் படலத்துக்கும் இடையிலுள்ள தொடுகைத் தடைதான். அழுத்தத்தோடு மாறும், படலத்தையும் கீறும். அலுமினியத் தாளை மின்வாயாக வைக்கவேண்டாம்: அதன் ஒட்சைட்டும் பொலிஅனிலினோடு அது உண்டாக்கும் தடுப்பும் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும். செப்பு அமிலத்தில் அரிக்கும். வெள்ளிப் பசை உடனடி அளவீட்டுக்கு நல்லது, ஆனால் குளோரைட்டு உள்ள இடத்தில் நாள்பட வெள்ளிக் குளோரைட்டாகும். காபன் பசைதான் இந்த வேலைக்கு ஏற்றது.

25 மில்லிமீற்றர் அகலமும் 75 மில்லிமீற்றர் நீளமும் உள்ள தகட்டில், அகலத்துக்குக் குறுக்கே காபன் பசையால் 2 மில்லிமீற்றர் அகலமான ஐந்து கோடுகள் இழுங்கள். அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையிலான தூரம் 5, 10, 15, 20 மில்லிமீற்றர் ஆக இருக்கட்டும். எல்லாம் சேர்ந்து 60 மில்லிமீற்றருக்குள் அடங்கும். அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையில் மட்டும் தடையை அளவுங்கள். ஒரு கோட்டைத் தாண்டி அளந்தால் நடுவிலுள்ள காபன் கோடு மின்னோட்டத்துக்குக் குறுக்குவழியாகிவிடும். தூரம் x அச்சிலும் தடை y அச்சிலும் வைத்து வரைபு கீறினால் நேர்கோடு வரும். வெட்டுத்துண்டு இரண்டு தொடுகைத் தடைகளின் கூட்டு. படித்திறனை அகலத்தால் பெருக்கினால் சதுரத் தடை, அதாவது எந்த அளவுச் சதுரமாக வெட்டினாலும் மாறாத தடை. உதாரணமாக 150 நனோமீற்றர் தடிப்பும் 4 சீமன்ஸ் கடத்துதிறனும் உள்ள படலத்தின் சதுரத் தடை சுமார் 17 கிலோஓம். அப்படியானால் 5 மில்லிமீற்றர் இடைவெளியில் 3.4 கிலோஓம், 20 மில்லிமீற்றரில் 13.6 கிலோஓம் வரவேண்டும். தொடுகைகள் இரண்டும் சேர்ந்து 2 கிலோஓம் என்றால், குறுகிய இடைவெளியில் வாசிப்பின் மூன்றிலொரு பங்குக்கு மேல் தொடுகையாகவே இருக்கும். நீண்டதில் எட்டிலொரு பங்குதான். ஒரே ஒரு இடைவெளியில் அளந்து கடத்துதிறன் கணக்கிடுவது எவ்வளவு பிழை என்பது இதிலேயே தெரியும். புள்ளிகள் நேர்கோட்டில் விழாவிட்டால் படலம் ஒரே தடிப்பில் இல்லை, அல்லது எங்கோ கீறல் இருக்கிறது.

நான்குமுனை அளவீடு இதைவிட நல்லது, ஏனென்றால் தொடுகைத் தடை கணக்குக்குள்ளேயே வராது. சம இடைவெளியில் நான்கு ஊசிகள். வெளி இரண்டால் மின்னோட்டம், உள் இரண்டில் அழுத்த வேறுபாடு (வோல்ற்றளவு). படலம் மிகப் பெரிதென்றால் சதுரத் தடை 4.532 ஐ அழுத்த வேறுபாட்டால் பெருக்கி மின்னோட்டத்தால் பிரித்தது. சிறிய மாதிரிக்கு இந்த எண் குறையும்: ஊசி இடைவெளியின் 10 மடங்கு விட்டமுள்ள வட்டமென்றால் 4.17, 5 மடங்கென்றால் 3.36. மின்னோட்டத்துக்கு 9 வோல்ற்று மின்கலமும் தொடரில் ஒரு மெகாஓம் தடையும் போதும். சுமார் 9 மைக்குரோஅம்பியர் போகும். தொடரில் இன்னுமொரு 10 கிலோஓம், 1 வீதத் தடையியை வைத்து அதன் குறுக்கே அழுத்த வேறுபாட்டை அளந்தால் மின்னோட்டம் திருத்தமாகக் கிடைக்கும். மேலே சொன்ன படலத்தில் உள் ஊசிகளிடையே 30 மில்லிவோல்ற்று அளவில் வரும். சாதாரண மானியின் 200 மில்லிவோல்ற்று வீச்சு அதை வாசிக்கும். நீலப் படலத்துக்கு இவை எதுவும் உதவா: அதன் சதுரத் தடை பத்து இலட்சம் மெகாஓமையும் தாண்டும், அதற்கு மிகச் சிறிய மின்னோட்டத்தையும் அளக்கும் இலத்திரன்மானி வேண்டும். 'ஓ.எல்.' என்பது மிகச் சரியான வாசிப்பு.

தடிப்பில்தான் பாடசாலை ஆய்வுகூடத்தின் எல்லை வருகிறது. 25 இற்கு 50 மில்லிமீற்றர் பரப்பில் 150 நனோமீற்றர் படலத்தின் நிறை கால் மில்லிகிராம் மட்டுமே. கிராமின் நூறிலொரு பங்கு காட்டும் தராசுக்கு அது தெரியவே தெரியாது. தடிப்புத் தெரியாமல் கடத்துதிறன் என்று ஒரு எண்ணை எழுதக்கூடாது. சதுரத் தடையை மட்டும் எழுதுங்கள், அது முழுமையான, நேர்மையான அளவீடு. ஒரே தகட்டை வெவ்வேறு ஈரப்பதனில் ஒப்பிடுவதற்குத் தடிப்பு தேவையும் இல்லை.

வெப்பநிலையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் மாணவர் கட்டாயம் கேட்பார்கள். செப்பில் வெப்பநிலை கூடத் தடை கூடும். பொலிஅனிலினில், உலர்ந்த நிலையில், தடை குறையும். சங்கிலியின் வழியே ஏற்றம் இலகுவாக ஓடும். அடுத்த சங்கிலிக்குப் போவதென்றால், வயலுக்குள் நிற்கும் தண்ணீர் வரம்பைத் தாண்டவேண்டியதுபோல ஒரு தடுப்பைக் கடக்கவேண்டும், அதற்கு வெப்பம் உதவுகிறது. ஆனால் திறந்த காற்றில் சூடாக்கினால் தடை கூடுவதாகத்தான் பார்ப்பீர்கள், ஏனென்றால் அதே நேரத்தில் ஈரம் ஆவியாகிறது. சிலிக்கா ஜெலுக்கு மேலே ஓர் இரவு உலர்த்தி, அந்தப் போத்தலுக்குள்ளேயே 30 இலிருந்து 60 பாகை வரை கொண்டுபோனால் உண்மையான சாய்வு தெரியும். 100 பாகையைத் தாண்டவேண்டாம். ஐதரோகுளோரிக் அமிலம் வெளியேறும், சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து கடத்துதிறன் மீளாமல் விழும்.

"புத்தகத்தில் மட்டும்தானா" என்றதற்கு: இல்லவே இல்லை. 1954 இல் யப்பானில் அகமட்டு, இனொகுச்சி, மட்சுனாகா ஆகியோர் பெரிலீன் என்ற சேதனப் பொருள் புரோமீனோடு சேர்ந்தால் கடத்துவதைக் காட்டினார்கள். 1963 இல் அவுஸ்திரேலியாவில் டொனால்ட் வைஸ் குழு பொலிபிரோலில் அயடீன் ஏற்றிக் கடத்தச் செய்தது. 1973 இல் டி.டி.எஃப்.–டி.சி.என்.கியூ. என்ற பளிங்கு வந்தது. இலத்திரனை வழங்கும் மூலக்கூறுகள் ஒரு நிரையாகவும் வாங்கும் மூலக்கூறுகள் இன்னொரு நிரையாகவும் அடுக்கி நின்று, நிரையின் வழியே உலோகம்போலக் கடத்தும், சுமார் 54 கெல்வினுக்குக் கீழே குளிர்ந்தால் அந்தக் குணத்தை இழக்கும். 1977 இல் ஷிரகாவா, மக்டயர்மிட், ஹீகர் ஆகியோர் பொலிஅசற்றிலீனில் அயடீன் ஏற்றிக் கடத்துதிறனை ஒரு கோடி மடங்குக்கு மேல் கூட்டினார்கள். 2000 இல் இரசாயனவியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. இன்று கைத்தொலைபேசித் திரையில் ஒளிரும் சேதனப் படலங்கள் 1987 இல் டாங், வான் ஸ்லைக் செய்த ஈரடுக்கு ஒளிகாலும் இருவாயியின் (டயோட்டின்) வழிவந்தவை. ஆனால் கணக்கை மறக்கக்கூடாது: செப்பின் கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு சுமார் 6 இலட்சம் சீமன்ஸ், உங்கள் பச்சைப் படலத்தினது 4. மின்கம்பிக்கு இது மாற்றல்ல. மெல்லியதாகப் பூசலாம், வளைக்கலாம், வாயுவையும் ஈரத்தையும் உணரும், மதிப்பு அதில்தான்.

வன்னியில் எதைச் செய்யலாம் என்பதில் என் கருத்து இது. மூலக்கூற்றுப் பளிங்குப் படலங்கள், ஒளிகாலும் இருவாயிகள், திரான்சிஸ்ரர்கள் பக்கம் போகவேண்டாம். அவற்றுக்கு உயர் வெற்றிடமும், ஈரமும் ஒட்சிசனும் இல்லாத கையுறைப் பெட்டியும் வேண்டும், அவை இல்லாமல் எடுக்கும் முடிவுகள் யாருக்கும் பயன்படா. பெடொட்–பிஎஸ்எஸ் என்ற இன்னொரு கடத்தும் பல்பகுதியம் போத்தலில் கலவையாக வருவது. 5 வீத எதிலீன் கிளைக்கோல் அல்லது டைமெதைல் சல்பொக்சைட்டு சேர்த்துப் பூசி 120 பாகையில் 15 நிமிடம் சூடாக்கினால் கடத்துதிறன் ஒன்றுக்குக் கீழேயிருந்து பல நூறு சீமன்ஸுக்கு ஏறும். அது நல்ல பொருள், ஆனால் விலை கூட, குளிரூட்டியில் வைக்கவேண்டும், உறையக்கூடாது.

பொலிஅனிலினில் இங்கேயே கேட்கத்தக்க கேள்விகள் இருக்கின்றன. வெக்கையும் மாரியும் மாறிமாறி வரும் இந்தக் காலநிலையில் படலம் ஒரு வருடத்தில் எவ்வளவு மூப்படைகிறது? ஐதரோகுளோரிக் அமிலம் ஆவியாகிப் போகும். அதற்குப் பதிலாக ஆவியாகாத பாரா-தொலுயீன் சல்போனிக் அமிலத்தாலோ கம்போர் (கற்பூர) சல்போனிக் அமிலத்தாலோ மாசூட்டிய படலம் எவ்வளவு கூடுதலாக நிற்கிறது? ஒரே நாளில் எடுத்த தகடுகளைப் பகிர்ந்து, ஒரு பகுதியைச் சிலிக்கா ஜெலில், ஒரு பகுதியை 75 வீத ஈரப்பதனில், ஒரு பகுதியைத் திறந்த அலமாரியில் வைத்துக் கிழமைக்கொருமுறை சதுரத் தடையை எழுதினால் அது உண்மையான ஆராய்ச்சித் தரவு. அமோனியா உணரியும் செய்யலாம்: யூரியா கரையும் வயலுக்கும் மாட்டுப்பட்டிக்கும் கோழிப்பண்ணைக்கும் பொருந்தும் கேள்வி அது. அமோனியா பட்டால் பச்சைப் படலத்தின் தடை ஏறும், காற்றோட்டத்தில் ஓரளவு இறங்கும், இவ்வளவும் உறுதியானது. முழுதாகப் பழைய இடத்துக்கு வருமா என்பது படலத்துக்குப் படலம் வேறுபடும். ஈரப்பதனும் அதே தடையை மாற்றுவதால், ஈரப்பதனைத் தனியாக அளக்காத அமோனியா உணரி எதையும் நிறுவாது.

தடிப்புக்கும் நிறமாலைக்கும் பல்கலைக்கழக உதவி தேவைப்படும். உங்களுக்குக் கிட்டக் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதிபர் ஊடாகக் கடிதம் எழுதி, கட்புல–ஊதாக்கடந்த நிறமாலைமானியில் தகட்டை நேரே வைத்து 300 இலிருந்து 900 நனோமீற்றர் வரை எடுத்துத் தரமுடியுமா என்று குறிப்பாகக் கேளுங்கள். நீல மூலம் 600 நனோமீற்றரை அண்டி அகன்ற உச்சி காட்டும். பச்சை உப்பு 430 ஐ அண்டியும் 800 இற்கு அப்பாலும் காட்டும். இரண்டும் கலந்து வந்தால் மாசூட்டல் பாதியில் நிற்கிறது என்று பொருள். தகடுகளை அனுப்பும்போது ஒன்றோடொன்று உரசாமல், ஓரங்களில் மட்டும் தாங்கி நிற்கும் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். அமோனியாப் போத்தலோ, அமோனியா மணக்கும் கண்ணாடி துடைக்கும் திரவமோ இருந்த பெட்டியாக அது இருக்கக்கூடாது. பச்சையாக அனுப்பியது அங்கே நீலமாகப் போய்ச் சேரும். ஒவ்வொரு தகட்டின் துடைத்த பக்கத்திலும் எடுத்த திகதி, கலக்கும்போதிருந்த வெப்பநிலை, கடைசியாகத் தோய்த்த அமிலம், அனுப்பும் நாளின் சதுரத் தடை ஆகிய நான்கையும் ஒட்டுத்துண்டில் எழுதிவிடுங்கள்.